துருவேறி இறுகிய காட்டர் பின்: கழற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்வந்த ராலே சைக்கிளைச் சுங்கை சிப்புட்டில் மீண்டும் ஓடவைக்க முயன்று வருகிறேன். இடப்பக்கப் பெடல் கையை அச்சோடு பிணைக்கும் 9.5 மி.மீ. காட்டர் பின் அசையவே மறுக்கிறது. பல ஆண்டுகள் கொட்டகையில் மழைச்சாரல் பட்டு நின்ற வண்டி.

நட்டு கழன்றுவிட்டது. ஆனால் அடித்த அடியில் மரையுள்ள முனை நசுங்கிக் காளான்போல் விரிந்துவிட்டது. துளையின் விளிம்பிலிருந்து செந்துருத் தூள் மட்டும் உதிர்கிறது. துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, பெடல் கைக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்துச் சுத்தியலால் அடித்தும், கேஸ் சுடரில் சூடேற்றியும் பார்த்துவிட்டேன். பட்டறையில் அறுத்தெறியச் சொல்கிறார்கள். அந்தப் பழைய அச்சை இழக்க எனக்கு மனமில்லை.

அச்சுக்குச் சேதமில்லாமல் காட்டர் பின்னை எடுக்க, நடுவில் துளையிடுவது நல்லதா, சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் 'C' வடிவப் பிடிப்பான்) வைத்து அழுத்தித் தள்ளுவது நல்லதா?