குதிரையை வெட்டியும் மேட் வரல்ல, எங்க பிழைச்சது?

கேள்வி:
திருமலையில இருந்து எழுதுறன், உப்புவெளிப் பக்கம். மகள் பாடசாலை செஸ் டீமில இருக்கிறாள், பின்னேரத்தில அவளோட ஆடுறனான். நேற்று ஆடின ஆட்டம் இரவு முழுக்க மண்டைக்க ஓடிக்கொண்டே இருந்தது.

நான் வெள்ளை. கிங் ஜி1, குயின் டி3, பிஷப் சி2லயும் ஜி5லயும், குதிரை எஃப்3, ரூக் ஏ1, எஃப்1, போன் (சிப்பாய்க் காய்) ஏ2 பி2 சி3 டி4 எஃப்2 ஜி2 எச்2. அவள் கறுப்பு: கிங் ஜி8, குயின் டி8, பிஷப் டி7, ஈ7, குதிரை எஃப்6, ரூக் ஏ8, ஈ8, போன் ஏ7 பி7 சி6 டி5 எஃப்7 ஜி7 எச்7. (ஜி7 போன் துலைஞ்சுபோய் அந்த இடத்தில சோடா மூடிதான் நிக்குது.)

கிங்கை விட்டா எச்7ஐக் காக்கிறது எஃப்6 குதிரை மட்டும்தானே, அதைத் தூக்கினா குயின் எச்7ல போய் மேட் (கிங் தப்பேலாத செக்) எண்டு நினைச்சு பிஷப்பால எஃப்6ஐ வெட்டினன், அவள் ஈ7 பிஷப்பால திருப்பி வெட்டினாள், நான் எச்7ல வெட்டி செக் சொன்னன், கிங் எஃப்8க்குப் போச்சு, எச்8ல திரும்பவும் செக், கிங் ஈ7க்குப் போட்டுது, இப்ப ஈ8 ரூக் நேரா என்ர குயினைப் பார்க்குது. குயின் பின்வாங்க அவள்ட ரூக் எச்8க்கு வந்து அந்த வரிசையாலயே என்னை அடிச்சு முடிச்சாள். ஒரு போன் கூட இருந்தும் தோத்தன். நான் செய்தது பிழையான யோசனையா?

பதில்:
அண்ணா, யோசனை சரி, எண்ணினதுதான் குறை. காவல் நிக்கிற காயை மட்டும் பார்த்தீங்க, கிங் ஓடுற வாசலைப் பார்க்கல்ல. ரூக் எஃப்8ல இருந்திருந்தா எச்7லயே மேட். அது ஈ8க்குப் போனதால எஃப்8 வெறுமையாக் கிடந்தது.

இன்னொண்டு கவனிச்சீங்களா, பிள்ளை ஜி7 சோடா மூடியால வெட்டியிருந்தா நீங்க வெண்டிருப்பீங்க. ஈ7ல அவள்ட பிஷப்பே கிங்குக்கு மறியலா நிண்டிருக்கும், எச்7 செக், எஃப்8, எச்8 மேட். பிஷப்பால வெட்டினபடியாதான் ஈ7 திறந்தது. பிள்ளை கெட்டிக்காரி.

வேற பதில்:
அதோட ஒண்டு சேர்க்கிறன். முதல் எஃப்1 ரூக்கை ஈ1க்கு வைச்சுப் பாருங்கோ. ஈ வரிசை திறந்து கிடக்கு, ஈ7 பிஷப் வெட்டப் போனா ரூக் நேரா ஈ7ஐப் பிடிக்கும், பிறகு எச்7 செக், எஃப்8, எச்8 மேட், ஈ7க்கு ஓடேலாது. ஆனா எதிராளிக்கு ஒரு ஆட்டம் கிடைக்குது, அவ கண்டுபிடிச்சா ஜி6 ஆடி குயின்ட வழியை அடைப்பா, இல்லாட்டி பிஷப்பை ஈ6ல வைச்சு வரிசையை மறிப்பா. செக்கோட வெட்டக்கூடிய காய் இருந்தா அதுதான் முதல் தெரிவு, வேற ஒரு நிலையில உங்கட குதிரை டி5லயோ ஜி4லயோ நிண்டு எஃப்6ஐ வெட்டினா அவவுக்கு அந்த நேரமே கிடைக்காது.

வாசல் அடைக்கிறதுக்கு நான் எல்லாருக்கும் காட்டுறது அமெரிக்க செஸ் வீரர் பாபி ஃபிஷர் 1963ல பென்கோ எண்ட வீரரோட ஆடின ஆட்டம். போனை ஈ5க்குத் தள்ளினா எச்7ல மேட் மிரட்டல், ஆனா பென்கோ எஃப்5 ஆடித் தப்பிடுவார். அதால ஃபிஷர் முதல் தன்ர ரூக்கையே எஃப்6ல கொண்டுபோய் வைச்சார், எஃப் போன் அசையேலாமப் போச்சு, ரூக்கை வெட்டினாலும் ஈ5தான். அந்த அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில 11 ஆட்டத்தில 11ஐயும் வெண்டவர். லிச்செஸ் எண்ட செஸ் இணையத்தளத்தில காவல் காயை வெட்டுற புதிர் எண்டே தனிப் பிரிவு கிடக்கு, இலவசம், பிள்ளையோட சேர்ந்து செய்யுங்கோ.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. இண்டைக்கு அதே நிலையை அடுக்கி ரூக்கை ஈ1ல வைச்சன். அவள் எச்6 ஆடி பிஷப்பைத் துரத்தினாள், அதுக்குப் பதில் நீங்க ஒருத்தரும் சொல்லல்ல, நான் கனநேரம் பார்த்துப்போட்டு எஃப்6ல வெட்டினன், பிஷப்பால வெட்டினாள், குயின் எச்7 செக், எஃப்8, எச்8. மேட்! எச்6 ஒண்டுக்கும் உதவல்ல. அவள் பேசாமப் பலகையைத் திருப்பி அடுக்கினாள், சோடா மூடியை எடுத்து ஜி6ல வைச்சுப்போட்டு, "இப்ப ஆடுங்கோ அப்பா" எண்டாள்.