வெளிநாட்டு நிதி நின்றுபோன மாலை வகுப்பு: இனி யாரிடம் கேட்பது?

தங்கச்சிமடம் தம்பி:
எங்கள் தெருவில் மீனவப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அப்பா படகில், அம்மா விடியற்காலையிலேயே பாசி எடுக்கப் போய்விடுவார். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. ஐரோப்பிய நிதி ஒன்று மதுரைத் தொண்டு நிறுவனம் வழியாக வந்துகொண்டிருந்தது. சொல்லித்தரும் அக்காமார் சம்பளம், வாடகை, கரண்ட் பில், சாயங்காலச் சுண்டல் எல்லாம் அதில்தான். 2020-க்குப் பிறகு நின்றுவிட்டது. இப்போது மாதா கோயில் முற்றத்தில் நடக்கிறது. எட்டாவது முடித்த பையன்கள் சிலர் படகுக்குப் போய்விட்டார்கள். மறுபடி வெளிநாட்டுக்கே எழுதலாமா?

கணக்கர், ராமநாதபுரம்:
தம்பி, கொடுத்தவர்கள் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் வாங்கும் நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குத் தரக் கூடாது. நீங்களே வாங்கலாம் என்றால் தனிப் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் கணக்கு வேண்டும். பதிவுக்கோ மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கைக் காட்ட வேண்டும். தெரு வகுப்புக்கு அது எங்கே முடியும்?

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தொண்டி:
எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெளிநாட்டு உதவி கெட்டது என்பதால் அல்ல, அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். 1960-களில் கேர் அமைப்பு மூலம் அமெரிக்கப் பால்பவுடர் பள்ளிக்கு வரும். அண்டாவில் வெந்நீர் விட்டுக் கரைக்கும்போது கட்டி தட்டும், அந்தக் கட்டிக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். கை குலுக்கும் படம் போட்ட காலி எண்ணெய் டின்னில்தான் அம்மா கருவாடு போட்டு வைப்பார். ஆனால் மதிய உணவை 1956-லேயே காமராஜர் தொடங்கிவிட்டார். வெளிநாட்டுச் சாமான் நடுவில் வந்து, நடுவிலேயே போனது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோது பெருஞ்சுமையை அரசே தூக்கியது. இன்றும் அடுப்பு எரிகிறதென்றால் அதனால்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யும் அப்படித்தான். 1959-ல் மேற்கு ஜெர்மனி இயந்திரமும் பேராசிரியர்களும் கொடுத்தது, பிற்பாடு நடத்தியது நம் பணம். அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு 2004-ல் உலக வங்கி தந்த 50 கோடி டாலர் கடன், திருப்பிக் கட்ட வேண்டியது. பிரிட்டனோ இந்தியாவுக்கான நிதி மானியத்தை 2015-ல் முடிப்பதாக 2012-லேயே சொல்லிவிட்டது. அவர்கள் நாட்டு பட்ஜெட் மாறினால் நம் பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லாமல் போகலாமா? கட்டடம், கம்ப்யூட்டர் என்றால் யார் கொடுத்தாலும் வாங்குங்கள். சம்பளத்தை மட்டும் வெளியாள் கையில் விடாதீர்கள்.

மண்டபம் அக்கா:
ஐயா, அரசு கொடுத்தது மட்டும் போதுமா? 2021-ல் அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பில் நானும் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1000 ரூபாய் தந்தார்கள். அந்தக் காசில் ஒரு பெண் எத்தனை நாள் சாயங்காலம் வந்து உட்கார முடியும்? தம்பி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்களோடு போய்த் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வகுப்பறையைச் சாயங்காலம் திறந்துவிட்டாலே வாடகையும் கரண்டும் மிச்சம்.

கணக்கர், ராமநாதபுரம்:
இன்னொரு வழியும் உண்டு. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரிடம் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ரசீது போட்டு வையுங்கள்.

தங்கச்சிமடம் தம்பி:
சரி அண்ணே. துபாயில் இருக்கும் எங்கள் தெருப் பையன்களிடம் அக்காமார் சம்பளத்துக்கு இன்றைக்கே பேசுகிறேன். வகுப்பறைச் சாவிக்கு எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரைத் திங்கட்கிழமை பார்க்கிறோம்.