மூக்கொழுகினால் மூளை ஜாஸ்தியா?

என் மகளுக்கு நாலு வயதிலிருந்தே தும்மல். லண்டனில் மே பிறந்தால் போதும், புல் மகரந்தம் கிளம்பிவிடும், கண் சிவந்து மூக்கொழுகி வீடெல்லாம் டிஷ்யூ. ஊரிலிருந்து பெரியப்பா போனில், "கவலைப்படாதேம்மா, அலர்ஜி இருக்கிற பிள்ளைகளுக்கு மூளை ஜாஸ்தியாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்தால் அவர் கதை விடவில்லை. 1980களில் அமெரிக்காவில் கமில்லா பென்போ என்ற ஆய்வாளர், 13 வயதுக்குள் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் கணக்கில் 700ஐத் தொட்ட பிள்ளைகளைப் பார்த்தபோது, அலர்ஜி, இடதுகைப் பழக்கம், கிட்டப்பார்வை மூன்றுமே மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகம் இருந்திருக்கிறது. என் மகளுக்கு மூன்றில் இரண்டு உண்டு. கணக்கில் மட்டும்... சரி, விடுங்கள்.

ஜனவரியில் மாதிரித் தேர்வை நன்றாக எழுதியவள், ஜூனில் ஜி.சி.எஸ்.இ. (நம்மூர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதும்போது தூங்கி வழிந்தாள். தப்பு என்னுடையது. தேர்வறையில் தும்மக் கூடாதே என்று முதல் நாள் இரவும் அன்று காலையும் வீட்டிலிருந்த குளோர்பெனமின் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தேன், அது பழைய வகை, மூளைக்குள் புகுந்து தூங்கவைத்துவிடும். அறிவியலில் ஒரு கிரேடு போச்சு. அப்புறம்தான் இங்கே நடத்தி 2007இல் வெளிவந்த ஆய்வு கண்ணில் பட்டது. 1,834 மாணவர்கள், தும்மலோடு எழுதியவர்களுக்கு மாதிரித் தேர்வைவிடக் கிரேடு இறங்கும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகமாம், தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டிருந்தால் 70. உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி?

---

அக்கா, கோவையிலிருந்து. என் பையனுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு, வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான். மூன்றாம் வகுப்பில் டீச்சர் "கொஞ்சம் மந்தம்" என்றார், அன்றைக்கு நான் அழுதது எனக்குத்தான் தெரியும். டாக்டர் பார்த்துவிட்டு, படுக்கைத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் காரணம் என்றார். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, வாரா வாரம் கொதிக்கிற தண்ணீரில் பெட்ஷீட், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து அதே டீச்சர், "டியூஷன் சேர்த்தீங்களா?" என்று கேட்டார். ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறான் டீச்சர் என்றேன்.

---

2018இல், மென்சா என்ற அதிபுத்திசாலிகள் சங்கத்தின் உறுப்பினர்கள் 3,715 பேரிடம் கேட்டு அலர்ஜி அதிகம் என்று எழுதினார்கள். அவர்களே சொன்னதுதான், யாரும் ஊசி குத்திச் சோதிக்கவில்லை. தும்மலுக்கு அலர்ஜி என்று பெயர் வாங்கவே டாக்டரிடம் போக வசதி வேண்டுமே! 1989இல் ஸ்ட்ராச்சன் என்பவர், அண்ணன் அக்கா நிறைய உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தும்மல் குறைவு என்று காட்டினார். எங்கள் வீட்டில் ஆறு பேர். ஒருவருக்கும் அலர்ஜி இல்லை, ஒருவரும் கணக்கில் தேறவும் இல்லை.

---

சிரித்துவிட்டேன். மகளுக்கு இந்த வருஷம் ஏ-லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி), டாக்டரைக் கேட்டு ஏப்ரலிலேயே ஸ்ப்ரே ஆரம்பித்தாயிற்று, மாத்திரையும் தூக்கம் வராத வகை. பெரியப்பாவிடம் பென்போ கதையைச் சொன்னது வினையாகிவிட்டது. போன வாரம் போன் பண்ணி, "பாப்பா இன்னும் கண்ணாடி போடலையா?" என்கிறார்.