மின்சாரம் போய் வந்ததும் லினக்ஸ் மின்ட் ஏறமாட்டேன் என்கிறது. சரிசெய்தாலும் மறுபடி அதே கதை

ஓய்வுபெற்ற கிராணி – செவ்வாய், இரவு 8.15

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மடிக்கணினி யாரோ பயன்படுத்தி விற்றது, ஏழெட்டு வயதாகிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, சார்ஜரை உருவினால் அடுத்த நொடியே அணைந்துவிடும். மருமகன் லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இயங்குதளம் போட்டுக் கொடுத்தான். கோயில் கணக்கு எழுதுவதும், நான்காம் படிவம் படிக்கிற பேத்தியின் பள்ளி வேலையும் இதில்தான்.

போன மாதம் சாயங்கால மழையில் இடி இடித்து மின்சாரம் போனது. திரும்ப வந்து பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை. பிஸிபாக்ஸ் என்று ஒரு பெயர், கீழே இனிட்ராம்எஃப்எஸ் என்று எழுதி கர்சர் மட்டும் மினுக்குகிறது. இணையத்தில் தேடி, டிஸ்கைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே என்ற கட்டளையை அடித்தேன். என்னென்னவோ திருத்தியதாகச் சொல்லி ஓடியது. பிறகு நன்றாகவே வேலை செய்தது.

நாலு நாள் கழித்து மறுபடி மின்சாரம் போனது, மறுபடி அதே கறுப்புத் திரை, மறுபடி அதே மருந்து. இன்று மூன்றாவது தடவை. கணினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு திருவிழா வரவு செலவைச் சேமிக்கப் போனேன், சேமிக்க முடியாது, படிக்க மட்டுமே அனுமதி என்றது. நிறுத்திப் போட்டால் பழைய கறுப்புத் திரை. வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம். மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறான், போன் போட்டால் "புதுசு வாங்கிடுங்க மாமா" என்கிறான். டவுனில் ஒரு கடையில் கேட்டேன், திறந்துகூடப் பார்க்காமல் டிஸ்க் போய்விட்டது, 250 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள்.

என்ன செய்யலாம்?

பால்மரம்84 – செவ்வாய், இரவு 8.40

ஐயா, பயப்படாதீங்க லா. அந்தத் திரையில் எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்டினால் எந்தப் பகுதியில் கோளாறு என்று அதுவே சொல்லும். பெரும்பாலும் எஸ்டிஏ2, அதாவது முதல் டிஸ்கின் இரண்டாம் பகுதி. அப்புறம் எஃப்எஸ்சிகே, ஓர் இடைவெளி, கழித்தல் குறியோடு ஒய், ஓர் இடைவெளி, பிறகு அந்தப் பகுதியின் முழுப் பாதை. முடிந்ததும் ரீபூட். எனக்கு இரண்டு தடவை இப்படித்தான் சரியானது.

நைட் ஷிப்ட் – செவ்வாய், இரவு 11.05

கிராணி ஐயா, மூன்றாவது தடவையும் அதை அடிக்காதீர்கள். பால்மரம் அண்ணன் சொன்ன கட்டளை தப்பில்லை, ஆனால் அடிக்கிற நேரம் இதுவல்ல. ஒய் போட்டால் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் 'சரி' என்று பதில் சொல்லித் திருத்திக்கொண்டே போகும். டிஸ்க் உண்மையிலேயே சாகிற நிலையில் இருந்தால், அந்தத் திருத்தமே இருக்கிற கோப்பையும் சிதைத்துவிடலாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துகிற வரி மூன்றாவது தடவையைப் பற்றியது. அன்று மின்சாரம் போகவே இல்லை. தூக்கி மடியில் வைத்தீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் டிஸ்கில் இருப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை. கோப்புகளின் கட்டமைப்பில் எதையும் மாற்றும் முன் என்ன மாற்றப்போகிறோம் என்று ஜர்னல் என்னும் குறிப்பில் முதலில் எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த தடவை ஏறும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துப் பாதியில் நின்றதை முடித்துவிடும். கடைசி சில நொடிகளில் தட்டியது போகலாம், ஆனால் கட்டமைப்பே குலைந்து கையால் திருத்தச் சொல்வது அடிக்கடி நடக்கக் கூடாது. ஒரு மாதத்தில் மூன்று தடவை என்றால் டிஸ்கோ, டிஸ்குக்கும் போர்டுக்கும் (தாய்ப்பலகைக்கும்) நடுவில் உள்ள இணைப்போ பொய் சொல்கிறது.

படிக்க மட்டும் அனுமதி என்று வந்ததும் அதனால்தான். பிழையைக் கண்டால் மேற்கொண்டு எழுதாமல் பூட்டிக்கொள் என்று மின்ட் நிறுவும்போதே எழுதி வைத்துவிடுகிறது. அது கோளாறு இல்லை, காவல்.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். வேறொரு கணினியில் மின்ட் பென்டிரைவ் தயார் செய்து அதிலிருந்து ஏற்றுங்கள். உங்கள் டிஸ்கை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள், அப்படித் திறந்தால் எழுதவும் ஆரம்பித்துவிடும். கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் இப்படி: சுடோ மவுன்ட், கழித்தல் ஓ, ஆர்ஓ காற்புள்ளி நோலோட், பிறகு எஸ்டிஏ2-இன் பாதை, பிறகு எம்என்டி கோப்புறை. ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில். சுடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு. மவுன்ட் என்றால் டிஸ்கை இணைத்துத் திற. ஆர்ஓ என்றால் படிக்க மட்டும். நோலோட் என்றால் ஜர்னலையும் தொடாதே.

ஓய்வுபெற்ற கிராணி – புதன், காலை 7.30

தம்பி, ஜர்னல் சங்கதி புரிந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யார் வந்தார், எந்த நெரையில் (மர வரிசையில்) பால் வெட்டுக்குப் போனார் என்று சின்ன நோட்டில் குறித்துக்கொள்வோம். ஆபீசுக்குப் போய்தான் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் ஏற்றுவோம். நடுவில் யாராவது கூப்பிட்டாலும் நோட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம். முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தேன். அப்படியென்றால் நோட்டு சரி, செக்ரோல் சரி, நடுவில் கொண்டுபோகிற ஆள்தான் சரியில்லை என்கிறீர்களா?

இன்னொன்று. மின்ட்டில் டைம்ஷிப்ட் என்று இருக்கிறதே, தினமும் ஒரு காப்புப் பிரதி எடுக்கும்படி மருமகன் வைத்திருக்கிறான். அதிலிருந்து கணக்கை மீட்டுவிடலாம் இல்லையா?

நைட் ஷிப்ட் – புதன், காலை 8.10

அதேதான் ஐயா, சந்தேகம் அந்த ஆள் மேல்தான். உறுதி செய்ய எண்கள் வேண்டும்.

டைம்ஷிப்ட் பற்றிக் கெட்ட சேதி. அது கணினியின் அமைப்பைக் காப்பதற்கு. நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் ஹோம் கோப்புறையில் உள்ள நம் கோப்புகளை எடுக்கவே எடுக்காது. அதிலும் அதே டிஸ்கிலேயே சேமிக்க வைத்திருந்தால், டிஸ்க் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். நிறைய பேர் ஏமாறுகிற இடம் இது. நானும் ஒரு தடவை ஏமாந்து கல்யாணப் படங்களை இழந்தேன், வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி – புதன், இரவு 9.50

பக்கத்து வீட்டுப் பையன் கணினியில் பென்டிரைவ் தயாரித்தோம். ஏறியது. நீங்கள் சொன்னபடி மவுன்ட் செய்து பேத்தியின் 64 ஜிபி பென்டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். நடுவில் இரண்டு தடவை நின்று நின்று போனது. திருவிழாக் கணக்கு மட்டும் இல்லை. இருந்த இடத்தில் கோப்பே காணோம்.

பையன் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து ஸ்மார்ட் தகவல் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்கள்) காட்டினான். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. பாதி வரிகளில் 'ப்ரீ-ஃபெயில்' என்று போட்டிருக்கிறது! கடைக்காரர் சொன்னது சரிதானோ?

நைட் ஷிப்ட் – புதன், இரவு 10.20

இல்லை ஐயா, அந்தச் சொல் எல்லாரையும் பயமுறுத்தும். அது டிஸ்கின் நிலைமை இல்லை, அந்த வரி எந்த வகை என்பதன் பெயர். இந்த எண் கெட்டால் டிஸ்க் சாவதற்கு முன்னறிகுறி என்று பொருள். புத்தம் புதிய டிஸ்கிலும் அப்படித்தான் இருக்கும்.

நான்கு வரிகளின் வேல்யூ மட்டும் வேண்டும்: 5, 197, 198, 199.

ஓய்வுபெற்ற கிராணி – புதன், இரவு 10.32

5 சுழியம். 197 சுழியம். 198 சுழியம். 199 மட்டும் 1846.

நைட் ஷிப்ட் – புதன், இரவு 10.45

அடடே, நல்ல சேதி.

5 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்திய பகுதிகள். 197 படிக்கத் திணறி முடிவுக்குக் காத்திருப்பவை. 198 சோதித்தும் படிக்க முடியாதவை. மூன்றும் சுழியம் என்றால் தட்டில் காயம் தெரியவில்லை. 199 வேறு கதை. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் தரவு போகும்போது கூட்டிப் பார்த்த கணக்கு ஒத்துவராத தடவைகள் அவை. பொதுவாக இதற்குக் காரணம் கேபிள் அல்லது கனெக்டர்.

இன்னும் இரண்டு பாருங்கள். டெர்மினலில் சுடோ டிமெஸ்ஜி அடித்து (கணினி தனக்குள் எழுதி வைத்த செய்திகளைக் காட்டும்), சிவப்பு வரிகளில் ஏடிஏ, ஹார்ட் ரீசெட்டிங் லிங்க், பேட்சிஆர்சி என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அப்புறம் அதே டிஸ்க்ஸ் செயலியில் நீண்ட சுயசோதனையைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போங்கள். அந்தச் சோதனையை டிஸ்க் தனக்குள்ளேயே செய்துகொள்ளும், தரவு கேபிள் வழியாகப் போகாது. அது தேறி, 199 மட்டும் ஏறியிருந்தால் குற்றவாளி வெளியேதான்.

தாமான் பையன் – புதன், இரவு 11.15

இவ்வளவு எதுக்கு? எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டால் வேகமும் கூடும், தலைவலியும் போகும்.

நைட் ஷிப்ட் – புதன், இரவு 11.30

எஸ்எஸ்டி நல்லதுதான் தம்பி, 4 ஜிபி ரேமுக்கு அதைவிட நல்ல மாற்றம் கிடையாது. ஆனால் அதே ஆட்டம் காணும் கனெக்டரில் அதைச் செருகினால் அடுத்த வாரம் ஐயா புது டிஸ்கோடு இதே இழையில் வந்து நிற்பார்.

ஓய்வுபெற்ற கிராணி – வியாழன், மதியம் 2.10

சோதனை தேறிவிட்டது. டிமெஸ்ஜியில் நீங்கள் சொன்ன மூன்று சொற்களும் வரிசையாக இருக்கின்றன. டிஸ்க் இணைப்பின் வேகத்தை 6 ஜிபிபிஎஸ்-லிருந்து 3-க்கும், பிறகு 1.5-க்கும் குறைத்ததாகவும் எழுதியிருக்கிறது.

பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் பின் மூடியைக் கழற்றினோம். சார்ஜரை உருவி, பேட்டரியையும் எடுத்துவிட்டுத்தான் கைவைத்தோம். திறந்ததும் அவள் ஒரு சத்தம் போட்டுப் பின்னால் குதித்தாள். எறும்பு! கடுகைவிடச் சின்னது, மங்கலான நிறம். டிஸ்கிலிருந்து போர்டுக்குப் போகிற பட்டை கேபிளுக்கு அடியில், கனெக்டரை ஒட்டி ஒரு கூடு. வெள்ளை வெள்ளையாக முட்டை, சவ்வரிசி சிதறினாற்போல. ஒரு பக்கம் முட்டையை வாயில் கவ்விக்கொண்டு விசிறி ஓட்டை வழியாக ஓட ஆரம்பித்தன. கேபிளை மெல்லத் தொட்டால் ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. கணினி இருப்பது சாப்பாட்டு மேசையில், பக்கத்திலேயே சீனி டப்பாவும் மைலோ டின்னும். மழைக்காலத்தில் உள்ளே கதகதப்பாக வேறு இருந்திருக்கும்.

எறும்பு மருந்து அடிக்கலாமா?

நைட் ஷிப்ட் – வியாழன், மதியம் 2.18

வேண்டாம் வேண்டாம்! பூச்சி மருந்து எளிதில் தீப்பிடிக்கும், எண்ணெய்ப் பசையும் படியும். மென்மையான தூரிகையால் கூட்டி வெளியே தள்ளுங்கள். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், தண்ணீர் குறைவாகக் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு இரண்டு பக்கத் தொடுமுனைகளையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கேபிளைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள்.

மூடிய பிறகு பென்டிரைவிலேயே ஏற்றி, எஸ்டிஏ2 மவுன்ட் ஆகாத நிலையில் முதலில் எஃப்எஸ்சிகே கழித்தல் என். அது எதையும் தொடாமல் பட்டியல் மட்டும் சொல்லும். பட்டியல் பக்கம் பக்கமாகப் போகாவிட்டால் கழித்தல் ஒய். இப்போது அடிக்கலாம், பால்மரம் அண்ணன் மகிழ்ச்சியாக இருப்பார்.

பால்மரம்84 – வியாழன், மாலை 5.00

இருக்கிறேன் 😄 என் கணினியையும் திறந்து பார்க்கப் போகிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி – வியாழன், இரவு 10.40

ஏறிவிட்டது! மேசை, தமிழ்99 விசைப்பலகை, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. திருவிழாக் கணக்கு மட்டும் இன்னும் காணோம். ரசீதுகள் இருக்கின்றன, மறுபடி எழுதலாம், ஆனால் நாளைக்குள் முடியாது.

நைட் ஷிப்ட் – வியாழன், இரவு 11.10

லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற கோப்புறையைப் பார்த்தீர்களா? டிஸ்கின் வேர் அடைவில் இருக்கும், திறக்க சுடோ வேண்டும். எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தெரியாத கோப்புகளை எஃப்எஸ்சிகே அங்கேதான் போடும். பெயர் போயிருக்கும், ஒரு கட்டக் குறியும் எண்ணும் மட்டும் இருக்கும். ஃபைல் என்ற கட்டளையை அவற்றின் மேல் ஓட்டினால், உள்ளே இருப்பது படமா, விரிதாளா என்று சொல்லும்.

ஓய்வுபெற்ற கிராணி – வெள்ளி, காலை 6.50

பதினோரு கோப்பு இருந்தது. எட்டாவதில் ஓப்பன்டாக்குமென்ட் விரிதாள் என்றது. வெளியே நகல் எடுத்து, பெயர் மாற்றித் திறந்தேன். கணக்கு! செவ்வாய்க்கிழமை கடைசியாக ஏற்றிய பூ, வாழைமரச் செலவு மட்டும் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. இப்போதுதான் காப்பியே இறங்குகிறது தம்பி.

நைட் ஷிப்ட் – வெள்ளி, காலை 7.05

நல்லது ஐயா. 199 இனி குறையாது, அந்த எண்ணை டிஸ்க் திருப்பிச் சுழியமாக்காது. 1846 தாண்டி ஏறுகிறதா என்று மட்டும் வாரம் ஒரு தடவை பாருங்கள். ஏறினால் கேபிளையே மாற்ற வேண்டியதுதான். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். நம் பக்கம் ஏப்ரல், மேயில் சாயங்காலமானால் இடிதான், அக்டோபர் நவம்பரிலும் அப்படியே. ஜர்னல் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு தடவையும் அதைச் சோதிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராணி – இரண்டு வாரம் கழித்து, சனி, மாலை 6.20

இன்று பார்த்தேன், 1846-தான். ஒன்றுகூட ஏறவில்லை. பேட்டரி ஈப்போவிலிருந்து வந்துவிட்டது. கோயில் கணக்கு இப்போது வெள்ளிதோறும் பென்டிரைவுக்கும் போகிறது, அது பேத்தியின் பொறுப்பு. சீனி டப்பா அடுப்படிக்குப் போய்விட்டது, அதில் வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். தலைப்பில் 'தீர்ந்தது' என்று போடுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள், பொத்தானைத் தேடிப் பார்த்துவிட்டேன், கண்ணில் படவில்லை.