மத்தியானத்தில் நிழல் எங்கே போகிறது? ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மாந்தோப்பு அம்மா (காவேரிப்பட்டணம் பக்கம்), ஏப்ரல் 18

போன ஞாயிறு மத்தியானம் தோப்பில் காய் பறிப்பவர்களுக்குச் சோறு கொண்டு போனோம். வரப்பில் நடந்து வந்த என் மகள் சட்டென்று நின்றாள். "அம்மா, காலையில கூடவே வந்துச்சே என் நிழல், இப்ப எங்க போச்சு?"

"உன் காலடியில படுத்துத் தூங்குது" என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். செருப்புக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது. "எழுந்திருச்சிடுச்சு!" என்றாள். அதற்கு வலிக்கும் என்று வீடு வரைக்கும் மெதுவாகக் கால் வைத்து நடந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ராத்திரி சுவரில் நிழலைப் பார்த்தால் பயமும் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் (பென்னாகரம்)

நீங்கள் சொன்னதில் தூக்கம் மட்டும்தான் தப்பு அம்மா. நிழல் காலடியில்தான் இருந்தது.

ஒன்றாம் வகுப்பில் நான் மழையை வைத்துத்தான் தொடங்குவேன். மழை விட்டதும் டிராக்டரை நகர்த்தினால் அடியில் மட்டும் தரை காய்ந்து கிடக்கும். அது மழை போய்ச் சேராத இடம். நிழல், வெளிச்சம் போய்ச் சேராத இடம். வெளிச்சம் நேராகத்தான் போகும், பாப்பாவைச் சுற்றி வளைந்து போகாது. சாரல் சாய்வாக அடித்தால் காய்ந்த இடம் ஒரு பக்கமாகத் தள்ளிப் போகிறதல்லவா? அப்படித்தான் காலை வெயில் சாய்ந்து வருகிறது, நிழல் மேற்கே நீள்கிறது. சாயங்காலம் கிழக்கே.

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டமும் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 12 டிகிரி வடக்கே இருப்பதால், ஏப்ரல் 22, 23 வாக்கில் மதியம் 12.16க்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். களத்தில் ஒரு குச்சியை நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நட்டுக்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருதரம் நிழலின் நுனியில் பாப்பாவே கோலமாவு வைக்கட்டும். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அவள் கண்டுபிடிக்கட்டும்.

அரூர் அத்தை

பயத்துக்கு நான் சொல்கிறேன். என் பையனுக்குக் கொடியில் தொங்கும் சட்டையின் நிழல்தான் பேய். ஒருநாள் கரண்ட் போனபோது டார்ச்சை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். கையை டார்ச்சுக்குக் கிட்டே கொண்டு போனால் சுவர் முழுக்க ராட்சசக் கை. சுவரை ஒட்டி வைத்தால் கையளவுதான், ஓரமும் கூர்மை. நாலைந்து தடவை பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தான். அப்புறம் சட்டையை அவனே போய் ஆட்டினான்.

எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி டம்ளர், பஜ்ஜி வைத்த எண்ணெய்க் காகிதம் மூன்றையும் காட்டுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் நிழல் வெளுத்துப் போவதைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

மத்தூர்க்காரன்

ஐயா, ஒன்று சேர்க்கலாம். ஏப்ரல் கடைசிக்கு மேல் நம் ஊரில் மத்தியான நிழல் தெற்கே விழும், ஆகஸ்ட் 20 வாக்கில் திரும்பவும் காலடிக்கு வந்து, பிறகு வடக்கே போகும். டிசம்பரில் ஒரு மீட்டர் குச்சிக்கு மத்தியானத்திலும் 70 செ.மீ. நிழல் இருக்கும்.

அப்புறம், மாமரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள் அக்கா. இலைச் சந்தில் வரும் வெளிச்சம் தரையில் வட்ட வட்டமாக விழும். சந்து கோணல்மாணல்தான், வட்டமோ சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தன்று அத்தனை வட்டமும் பிறையாகிவிட்டன. எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் நூறு பிறை. என் தங்கை மேல் அது விழுந்ததை இன்னும் மறக்கவில்லை.

மாந்தோப்பு அம்மா, ஏப்ரல் 23

எல்லாருக்கும் நன்றி. நேற்று மேகம். இன்றைக்குப் பார்த்தோம். 12 மணிக்குக் கட்டைவிரல் அகலம் இருந்தது, அப்புறம் குச்சியைச் சுற்றி எந்தப் பக்கமும் இல்லை. பக்கத்தில் கவிழ்த்திருந்த சொம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடியில வெயில் போகல, அவ்ளோதான்" என்றாள். இப்போது செருப்பைத் தரையில் நன்றாகவே மிதிக்கிறாள்.

குச்சியைப் பிடுங்கவில்லை. ஜூனில் தெற்கே விழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கோழி கிளறாமல் இருக்கச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறாள்.