முன்கண்ணாடில விரிசல், டீஃபாகர் போட்டா இன்னும் மங்குது: என்ன பண்றதுங்க?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கமுங்க. 14 மாசம் ஆன வண்டி. டிரைவர் பக்கம் கண்ணாடியோட கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு ஒரு சாண் நீளம் விரிசல். மத்தியான வெயில்ல நின்ன வண்டில ஏசிய முழுசா வெச்சு, காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பின பிறகுதான் கண்ணுல பட்டுது. சர்வீஸ்ல "கல்லடி, வாரண்டி இல்லை"ங்கறாங்க. ஆழியார் தாண்டி வால்பாறை ஏறுறப்ப டீஃபாகர் (கண்ணாடி மங்கலைப் போக்கற வசதி) போட்டா கண்ணாடி தெளியாம இன்னும் மங்குது. பின்கண்ணாடில சூடேத்தற கம்பிக்கோடுகள்ல நடுக்கோடு ரெண்டு வேலை செய்யல.

கண்ணாடிப்பட்டறை:
பால்பாயிண்ட் பேனா முனைய விரிசல் மேல மெதுவா இழுத்துப் பாருங்க. எங்கயாவது குழில சிக்கினா கல்லடிதான். மணல், ஜல்லி லாரிக்குப் பின்னாடி போனா தெறிக்கற கல்லு கடுகளவு இருந்தாலும் போதும், சத்தம் கேக்கணும்னு இல்லைங்க. குழியே இல்லாம, ஓரத்துல இருந்து நேர் செங்குத்தா கிளம்பி அப்புறம் வளைஞ்சிருந்தா அது அழுத்த விரிசல், வாரண்டி கேக்கலாம். கண்ணாடியக் கழட்டறதுக்கு முன்னாடியே கிட்டக்க வெச்சு போட்டோ எடுத்துக்குங்க. கழட்டிட்டா சாட்சி போச்சு.

ஏசி காத்து விரிசலை உண்டாக்காது, ஏற்கெனவே இருந்த சின்ன வடுவை ஓட வைக்கும். கொதிக்கற கண்ணாடில உள்பக்கம் மட்டும் சட்டுனு குளிர்ந்தா சுருங்கி இழுக்கும். வெயில்ல நின்ன வண்டிக்கு முதல்ல ஜன்னலை இறக்கி சூட்டை விடுங்க, காத்தை முகத்துக்கு வைங்க.

ஒத்த ரூபா காசுக்குள்ள அடங்கற வடுன்னா ரெசின் (கண்ணாடி மாதிரி இறுகற பிசின்) ஏத்தலாம். ஓரத்துக்கு வந்த விரிசலுக்கு அது நிக்காது, மாத்தித்தான் ஆகணும்.

மலைரோடு:
மங்கறப்ப கண்ணாடிய விரலால தொடச்சுப் பாருங்க. உள்பக்கமா, வெளிப்பக்கமா?

பொள்ளாச்சிக்காரன்:
வெளிப்பக்கமுங்க. வைப்பர் போட்டா போயிருது, திரும்ப வந்துருது.

மலைரோடு:
அப்படின்னா டீஃபாகர்ல கோளாறு இல்லைங்க, சூடு குமிழ் நீல நிறத்துல நிக்குது. குளிர்ந்த காத்து கண்ணாடிய ஜில்லுனு ஆக்குது, மலைல இருக்கற ஈரம் வெளிய படியுது. குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புங்க, ஏசி ஓடட்டும். உள்ள மங்கினாலும் அதே சூடு, ஏசி, வெளிக்காத்து. உள்காத்தையே சுத்த விடற ரீசர்குலேஷனை மட்டும் அணைச்சிருங்க. அஞ்சு பேர் மூச்சு விடற ஈரம் வெளிய போகணுமில்ல.

சூடு வெச்சும் காத்து சூடாகலைன்னா இன்ஜின் ஆறுனதுக்கப்புறம் கூலண்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கற திரவம்) அளவு பாருங்க. டேஷ்போர்டுக்குள்ள 'டிக் டிக்'னு சத்தம் வந்தா காத்துக்கதவைத் திருப்பற குட்டி மோட்டார் போச்சு. முன்பக்க கார்ப்பெட் ஈரமா இருந்தா ஏசி தண்ணி போற குழாய் அடைச்சிருக்கும், அது சரியாகற வரைக்கும் கண்ணாடி உள்ள மங்கிட்டேதான் இருக்கும். டேஷ்போர்டு பாலிஷ் வேற சனியன், அதோட எண்ணெய்ப்பசைல ஆவி நல்லா ஒட்டும்.

ஒயரிங்:
பின்கண்ணாடிக்கு டீஃபாகரைப் போட்டுட்டு வோல்ட் அளக்கற மல்டிமீட்டரோட கருப்பு முனைய பாடில வைங்க. சிவப்பு முனைல அலுமினிய ஃபாயில் சுத்தி, கோட்டு மேல நகர்த்துங்க. நல்ல கோட்டுல 12ல இருந்து படிப்படியா இறங்கி நடுவுல 6 வோல்ட் கிட்ட காட்டும். அறுந்த இடத்துல சட்டுனு மாறும். அங்க ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஸ்பிரிட்ல தொடச்சு, கரண்ட் கடத்தற சில்வர் பெயிண்டைத் தடவி ஒரு நாள் காய விடுங்க. இனிமே அந்தக் கண்ணாடிய கோட்டோட போக்குலயே தொடைங்க, குறுக்க வேண்டாம்.

பாலிசி:
வாரண்டி கிடைக்கலைன்னா இன்சூரன்ஸ். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டாங்க, கண்ணாடியச் சுத்தியிருக்கற ரப்பர் பீடிங்குக்குப் பாதி பிடிப்பாங்க. இன்ஜின் 1500 சிசி வரைக்கும்னா நாம கைல இருந்து போடற கட்டாயக் கழிவு 1000 ரூபா, மேல போனா 2000. கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷத்துக்குப் பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) போகும். அந்த போனஸ் தொகையவும் கண்ணாடி விலையவும் ஒப்பிட்டுப் பார்த்துட்டுப் போடுங்க.

கண்ணாடிப்பட்டறை:
மாத்தறதா இருந்தா, கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்கற மாடலான்னு பாருங்க. இருந்தா கேமராவைத் திரும்பச் சரியா அளவு வைக்கற கேலிபரேஷனையும் பில்லுல எழுதச் சொல்லுங்க. பசை காயற வரைக்கும் ஒரு நாள் டேப்பைப் பிய்க்காதீங்க, ஜன்னலைச் சித்தெ இறக்கியே வைங்க. கதவைப் படார்னு சாத்தினா உள்காத்து புதுக்கண்ணாடியத் தள்ளிரும்.