ட்ரே யங் நல்ல ஷூட்டரா, இல்லை நிறைய ஷாட் எடுத்தவரா?

மூணுகோடு:
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2017-18, ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ட்ரே யங். முதலாம் ஆண்டு மாணவர். ஆட்டத்துக்கு 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடக் கொடுத்த பாஸ்). ஒரே சீசனில் இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம், அதற்கு முன் யாரும் செய்யாதது. அதெல்லாம் சரி. ஆனால் ‘பயங்கர ஷூட்டர்’ என்கிறார்களே, அதுதான் எனக்கு இறங்கவில்லை. த்ரீ, அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் மூன்று புள்ளி ஷாட், 328 எடுத்து 118 விழுந்தது. 36 சதவீதம். இது ஷூட்டர் கணக்கா?

அசிஸ்ட் அண்ணாச்சி:
36 என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி தம்பி? மூலையில் நின்று, வந்த பந்தை வாங்கி அடித்த 36 இல்லை அது. பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, எதிராளி கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, கோட்டுக்கு நாலைந்து அடி வெளியிலிருந்து அடித்தது. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக, தடுக்க ஆளில்லாமல் அடிப்பது) பாருங்கள், 274க்கு 236. கையில் குறையே இல்லை, எடுத்த ஷாட்தான் கஷ்டம்.

மூணுகோடு:
கஷ்டமான ஷாட்டை எடுக்கச் சொன்னது யார்? எதை அடிப்பது, எதை விடுவது என்பதும் ஷூட்டிங்கில் சேர்த்திதான். ஜனவரி 20, ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம்: 39 ஷாட், 14 உள்ளே, 48 புள்ளி. ஓவர்டைமில் 83-81 என்று தோற்றார்கள். மூன்று நாள் கழித்து கான்சஸ். ஒன்பதே ஷாட், 26 புள்ளி, 9 அசிஸ்ட், 85-80 வெற்றி. எந்த யங் வேண்டும் உங்களுக்கு?

அசிஸ்ட் அண்ணாச்சி:
இரண்டு ஆட்டத்தை வைத்து சீசனுக்கே தீர்ப்பா? மொத்தக் கணக்கைப் போடுங்கள். அவர் எடுத்த த்ரீ ஒன்றுக்கு 1.08 புள்ளி வந்தது. இரண்டு புள்ளி ஷாட்டில் ஒன்றுக்கு ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. அப்படிப் பார்த்தால் அந்தத் தூரத்து ஷாட்தான் புத்திசாலித்தனம்.

மூணுகோடு:
பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்த டர்ன்ஓவர் ஆட்டத்துக்கு 5.2, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? கான்சஸ் ஸ்டேட்டிடம் மட்டும் 12! 14-2 என்று இருந்த அணி 18-14இல் முடிந்தது. டபுள் டீம் போட்டால், அதாவது இரண்டு பேரை இவர் மேல் விட்டால், போதும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பயிற்சியாளர் லான் க்ரூகர் பந்தை வேறு யாரிடமாவது கொடுத்து, இவரை ஸ்க்ரீன் (எதிராளியை மறித்து நிற்கும் கூட்டாளி) சுற்றி ஓடவிட்டிருந்தால் அந்த 36 நாற்பதைத் தொட்டிருக்கும் என்பது என் கட்சி.

பெஞ்ச்காரன்:
நடுவில் நுழைகிறேன். டேவிட்சன் கல்லூரியில் ஸ்டெஃபன் கரி 2007-08இல் த்ரீயில் 43.9 சதவீதம். அடுத்த வருஷம் பாயிண்ட் கார்டாக்கிப் பந்தைக் கையில் கொடுத்தார்கள், 38.7க்கு இறங்கியது. அதே கைதான், வேலைதான் வேறு. அந்த சீசனில்தான் லயோலா மேரிலாண்ட் அணி ஆட்டம் முழுக்க இரண்டு பேரைக் கரி மேல் ஒட்டவிட்டது. அவர் அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றுவிட்டார். மீதி நாலு பேர் மூன்று பேரோடு ஆடினார்கள். கரிக்குப் புள்ளி பூஜ்யம், டேவிட்சன் ஜெயித்தது 78-48. எனக்குப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூணுகோடு:
அதைத்தானே நானும் சொல்கிறேன்!

அசிஸ்ட் அண்ணாச்சி:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். முதல் பாதி என் பக்கம்: பந்து கைக்கு வந்தால் கரிக்கே ஐந்து சதவீதம் போகிறது என்றால், யங்கின் 36 எப்படி மோசம்? பிற்பாதி லயோலாவிடம் செல்லும், ஓக்லஹோமா அப்போது ஆடிய பிக் 12 லீக்கில் மூலையில் நின்று பார்க்கட்டும்.

மூணுகோடு:
நிற்கவைத்துப் பார்க்கவே இல்லையே, அதுதான் என் குறை. சரி, ஷாட் கஷ்டம் என்ற வாதத்தில் அரை மார்க் தருகிறேன். இன்றிரவு அந்தக் கான்சஸ் ஆட்டத்தைத் திரும்பப் போடுகிறேன்.

அசிஸ்ட் அண்ணாச்சி:
போடுங்கள். அந்த ஒன்பது ஷாட்டை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள். ஒன்பது அசிஸ்ட்டும் வந்தபோது பந்து யார் கையில் இருந்தது என்றும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.